வீட்டுப் பயிற்சிக் குறிப்பேடு குறித்து இசைப்பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இசைப்பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

ஜூன் முதல் தேதியிட்ட உங்கள் சுற்றறிக்கையை முன்வைத்து இதை எழுதுகிறேன். அதன் சாரம் இது. பியானோ பயிலும் எல்லா மாணவர்களும், வயதும் நிலையும் எதுவாயினும், வீட்டில் நாளொன்றுக்கு 60 நிமிடம் பயிற்சி செய்ய வேண்டும். அதைப் பள்ளி அச்சிட்டுத் தந்திருக்கும் குறிப்பேட்டில் பதிந்து, பெற்றோர் நாள்தோறும் கையெழுத்திட வேண்டும். வாரம் ஒரு காணொளியைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டும். ஒவ்வொரு ஞாயிறு இரவும் வார மொத்தம் கூட்டப்பட்டு, 7 மணி நேரம் நிறைந்தவர்கள் பச்சை, 5 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் மஞ்சள், மற்றவர்கள் சிவப்பு எனப் பெயர்ப்பட்டியல் வெளியாகும். தொடர்ந்து நான்கு வாரம் சிவப்பில் இருக்கும் குழந்தை ஆண்டிறுதி கிரேடு தேர்வுக்கு அனுப்பப்படாது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். நேரில் இரண்டு முறை வந்து பேசினேன். "எல்லாருக்கும் பொதுவான விதி" என்ற பதில்தான் இரண்டு முறையும் கிடைத்தது. என்னைப் போலவே மனம் புழுங்கும் பெற்றோர் பலர், தம் குழந்தையின் இடத்துக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற தயக்கத்தில் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பதால், இந்த மடலை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறேன்.

உங்கள் கவலை பொய்யன்று. வாரத்துக்கு அரை மணி நேர வகுப்பை மட்டும் நம்பி எந்தக் குழந்தையும் பியானோ கற்றுவிட முடியாது; மீதி ஆறு நாளும் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே வகுப்பில் சொல்லித் தந்தது கையில் தங்குவதும் நழுவுவதும். என் மகளின் முதல் ஆண்டில், வெள்ளிக்கிழமை இரவு அலமாரி மேலிருந்து கீபோர்டை இறக்கித் தூசி தட்டி, மறுநாள் வகுப்புக்கு ஏதோ தயாராகிவிட்டதுபோல் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நடித்திருக்கிறோம். ஆகவே வீட்டுப் பயிற்சி ஒரு பழக்கமாக வேண்டும் என்ற உங்கள் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. நீங்கள் தேர்ந்துகொண்ட வழி, அரும்பாடுபட்டுப் பல வீடுகளில் உருவான அந்தப் பழக்கத்தையே குலைக்கிறது என்பதுதான் என் முறையீடு.

முதலில் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதம் வரை என் மகளிடம் இருந்தது கடையில் வாங்கிய சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடியும்போது அவளுடைய ஆசிரியை அதில் இரண்டு மூன்று வரி எழுதித் தருவார். "இரண்டாவது பாடல், 9 முதல் 12 வரை உள்ள பார் மட்டும். இடது கை தனியாக. மெட்ரனோம் 60. புதன்கிழமைக்குப் பிறகு இரண்டு கையும் சேர்த்து" என்று ஒரு வாரம் இருக்கும். (பார் என்பது சுரத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாளக் கட்டம்; மெட்ரனோம், வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி.) "நான்காம் விரல் சோம்பேறி; அதைத் தனியாக எழுப்பு" என்று மற்றொரு வாரம் இருக்கும். எனக்கு இசை தெரியாது. ஐந்து கோட்டில் ஏறி இறங்கும் புள்ளிகளை இன்றுவரை என்னால் படிக்க முடியாது. ஆனால் அந்த வரியை என்னால் படிக்க முடிந்தது, ஒன்பது வயது மகளாலும் படிக்க முடிந்தது. இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்காமலே அவள் உட்காரக் காரணம் அந்த வரிதான்.

நீங்கள் அச்சிட்டுத் தந்த புதிய குறிப்பேட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்த நிமிடம், பெற்றோர் கையொப்பம் என்று ஐந்து பத்திகள் இருக்கின்றன. எதைப் பயில வேண்டும் என்று எழுத ஆறாவது பத்தி இல்லை. ஆசிரியை எழுத நினைத்தாலும் ஓரத்தில் விரல்கடை இடம்கூட விடப்படவில்லை. அதைவிட வருத்தம் தருவது, 30 நிமிட வகுப்பில் முதல் ஐந்தாறு நிமிடம் அந்த வாரத்தின் நிமிடங்களைக் கூட்டிச் சரிபார்ப்பதில் கழிகிறது என்பது. பியானோ சொல்லித் தர வந்தவரை நீங்கள் கூட்டல் சரிபார்ப்பவராக ஆக்கியிருக்கிறீர்கள்.

நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்பவள். உண்மையாக நாள்தோறும் நிரப்பப்பட்ட பதிவேட்டையும், தணிக்கைக்கு முந்தைய நாள் ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட பதிவேட்டையும் பக்கத்தைப் புரட்டிய உடனே பிரித்துச் சொல்ல என்னால் முடியும். உங்கள் காத்திருப்புக் கூடத்தில் சனிக்கிழமை காலைகளில் நிரப்பப்படுபவை இரண்டாம் வகை. ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, எனக்கு அருகில் அமர்ந்திருந்த தாய் ஒருவர் ஆறு நாள் கையெழுத்தையும் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, "வேற கலர் பேனா இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார். கொடுத்தேன். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதற்கு முந்தைய வாரம் என் மகள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். சிவப்புப் பட்டியலுக்குப் பயந்து அந்த இரண்டு நாளுக்கும் நானே 60 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். படுக்கையிலிருந்து அதைப் பார்த்தவள், "அம்மா, நான் வாசிக்கவே இல்லையே?" என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஓர் இசைப்பள்ளி குறிப்பேட்டின் வழியாக என் மகள் கற்றுக்கொண்ட பாடங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

பொய்க் கணக்கை விடுங்கள். மெய்யாகவே 60 நிமிடம் உட்காரவைத்த வாரங்களில் என்ன நடந்தது என்பது அதைவிட முக்கியம். ஜூன் இரண்டாம் வாரம் முதல் மூன்று வாரம், உங்கள் விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தோம். சமையலறைக் கடிகாரத்தில் மணி வைத்து, அது அடிக்கும்வரை எழக்கூடாது என்று நானே அதட்டியிருக்கிறேன். முதல் இருபது நிமிடம் அவள் வாசித்தாள். அதற்குப் பிறகு கை வாசித்தது, கண் கடிகாரத்தில் இருந்தது. எஃப் மேஜர் ஸ்கேலில், அதாவது அந்தச் சுர வரிசையில், வலது கை நான்காம் விரல்வரை சென்று, பி ஃபிளாட் என்ற கறுப்புக் கட்டையை அந்த நான்காம் விரலால் தொட்ட பிறகே கட்டைவிரல் உள்ளே புகுந்து அடுத்த வெள்ளைக் கட்டைக்குப் போக வேண்டும். மற்ற ஸ்கேல்களில் மூன்றாம் விரலுக்குப் பிறகே கட்டைவிரலை நுழைத்துப் பழகிய கை, இங்கும் அதையே செய்து, குட்டையான கட்டைவிரலைக் கறுப்புக் கட்டை மேல் ஏற்றிவிடுகிறது. இதைக் கவனித்துத் திருத்தும் நிலையில் குழந்தை இல்லை, ஏனென்றால் அவளுடைய வேலை மணி அடிக்கும்வரை நேரத்தைக் கடத்துவது. திருத்தும் அறிவு எனக்கும் இல்லை. மூன்று வாரத்தில் அந்தத் தவறு நூற்றுக்கணக்கான முறை வாசிக்கப்பட்டுக் கைக்குள் இறுகிவிட்டது. அதை அவிழ்க்க ஆசிரியை ஜூலை முழுவதும் போராடினார். இன்னும் முழுதாக அவிழவில்லை. அந்த மூன்று வாரமும் என் மகள் பச்சைப் பட்டியலில் இருந்தாள்.

"சித்திரமும் கைப்பழக்கம்" என்று உங்கள் சுற்றறிக்கையின் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். கை எதை வேண்டுமானாலும் பழகிக்கொள்ளும். சரியான விரலையும் பழகும், தப்பான விரலையும் அதே விசுவாசத்தோடு பழகும்.

விதி வருவதற்கு முன் எங்கள் வீட்டில் என்ன இருந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்களுடையது பெரம்பூரில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. முதல் ஆண்டில் இருந்த சிறிய கீபோர்டு அலமாரி மேல் இருந்ததால், அதை இறக்க என் கணவர் வர வேண்டும். அவர் தாமதமாக வரும் நாளில் பயிற்சி இல்லை. 88 கட்டை உள்ள பழைய டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கி, கூடத்தில் சுவரோரமாக நிலையாக நிறுத்திய வாரத்திலிருந்து, ஓராண்டாக நான் சொல்லிச் சொல்லி நடக்காதது தானாக நடக்கத் தொடங்கியது. மேலே மூடியிருக்கும் பழைய துப்பட்டாவை அவளே மடித்து வைக்க வேண்டும், முடித்ததும் அவளே போர்த்த வேண்டும் என்பது மட்டும் ஏற்பாடு. முக்காலியில் உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கி உடல் ஆடியதால், பூஜைக்கு வைத்திருந்த மணைப்பலகையைக் காலடியில் போட்டோம். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி முக்காலி மேல் ஒரு தலையணை. கீழ்வீட்டில் இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்கும் ஒருவர் இருப்பதால், சில நாள் ஹெட்போன். இவை எல்லாம் சில்லறை விஷயங்கள்போல் தோன்றும். ஆனால் குழந்தை பியானோவில் உட்காருவதற்கும் உட்காராமல் போவதற்கும் இடையே இருப்பவை இந்தச் சில்லறை விஷயங்களே என்பது என் அனுபவம்.

நேரத்தைக் கடிகாரத்தால் வைக்கவில்லை. பள்ளி வாகனத்தில் வந்து இறங்கி, கை கால் கழுவி, பால் குடித்த டம்ளரைக் கழுவுமிடத்தில் வைத்ததும் பியானோ. அதன் பிறகே கீழே விளையாடப் போவது. நான் அலுவலகத்திலிருந்து வர ஏழு மணி ஆகிவிடும் என்பதால், அந்த வேளையில் வீட்டில் இருப்பவர் என் அம்மா. அவர் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டோ அவரைக்காய் நார் உரித்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பார். அவர் கை வேலை முடியும்வரை பேத்தி வாசிப்பாள். அரைக்கீரைக் கட்டு என்றால் இருபது நிமிடம், முருங்கைக்கீரை என்றால் இன்னும் கொஞ்சம். அம்மா சிறுமியாக இருந்தபோது இரண்டு ஆண்டு வாய்ப்பாட்டு கற்றவர். பியானோவைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் சரளி வரிசை என்ற தொடக்கப் பாடத்தை மெதுவான முதற்காலத்தில் பிசிறில்லாமல் பாடாதவரை இரண்டாம் காலத்துக்குப் போக விடாத ஆசிரியரிடம் பயின்ற காது அவருடையது. "அந்த ரெண்டாவது வளைவுல என்னமோ தடுக்குதே, அங்க மட்டும் மெதுவாப் போ" என்பார். எந்தப் பார், எந்தச் சுரம் என்று அவரால் சொல்ல முடியாது; தடுக்கும் இடத்தை மட்டும் தவறாமல் பிடித்துவிடுவார். இசைப் பயிற்சியைக் குறிக்கும் சாதகம் என்ற சொல்லை என் மகள் கற்றது அவரிடம்தான்.

ஐந்து புளியங்கொட்டைகள் பியானோவின் இடது ஓரத்தில் இருக்கும். ஆசிரியை குறித்துக் கொடுத்த அந்த நான்கு பாரைத் தவறின்றி ஒரு முறை வாசித்தால் ஒரு கொட்டை வலது ஓரத்துக்குப் போகும். தவறினால் எல்லாக் கொட்டையும் திரும்பி வர வேண்டும் என்று முதலில் விதி செய்தோம். நான்காவது கொட்டையில் இரண்டு முறை தவறி அவள் அழுத பிறகு, ஒன்று மட்டும் திரும்பினால் போதும் என்று தளர்த்தினோம். அதுவே சரியாக இருந்தது. ஐந்தும் வலது பக்கம் போனதும் அந்த இடம் முடிந்தது. பிறகு அவளுக்குப் பிடித்த எதையாவது, அது சினிமாப் பாட்டாக இருந்தாலும், தப்பும் தவறுமாக வாசித்துக்கொள்ளலாம். பெரும்பாலான நாட்களில் 20 முதல் 25 நிமிடம். உடம்புக்கு முடியாத நாளில், தேர்வு நாளில், ஊருக்குப் போய் வந்த களைப்பில், துப்பட்டாவை மடித்து ஒரே ஒரு ஸ்கேல் வாசித்துவிட்டு எழுந்துவிடலாம். இப்படி ஏழெட்டு மாதம் நடந்தது, ஒரு நாள்கூட நான் அதட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதட்ட வேண்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உங்கள் கணக்கில் இந்தப் பழக்கத்தின் மதிப்பு வாரத்துக்கு இரண்டேகால் மணி நேரம். அதாவது சிவப்பு.

இனி நான் சொல்லப்போகும் செய்தியை அவளுடைய ஆசிரியை ஒருமுறை வகுப்பில் கதைபோலச் சொன்னதாக மகள் வந்து சொன்னாள். பின்னர் நானும் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டேன். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக், 1720 ஜனவரியில், தம் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடெமானுக்காக ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். அப்போது சிறுவனுக்கு ஒன்பது வயது, என் மகளின் வயதுதான். சுரங்களின் பெயர்களையும், அலங்காரக் குறிகள் ஒவ்வொன்றையும் எப்படி வாசிக்க வேண்டும் என்ற அட்டவணையையும் தொடக்கத்தில் எழுதிவைத்தவர், அடுத்து வரும் சிறு பாடத்தில் எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று எண்களைக் குறித்திருக்கிறார். அதுவும் ஒரு வீட்டுப் பயிற்சிக் குறிப்பேடுதான். முந்நூறு ஆண்டு கழித்து நாம் அச்சிட்ட குறிப்பேட்டில் விரலுக்கு இடமில்லை.

சுற்றறிக்கையின் இரண்டாம் பத்தியில் "பத்தாயிரம் மணி நேரம் பயின்றவரே மேதை என்பது அறிவியல் உண்மை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பெர்லினில் இசை உயர்கல்வி பயின்ற வயலின் மாணவர்களைப் பற்றியது. அவர்களில் மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் தனிமையில் பயின்ற நேரம் சராசரியாகப் பத்தாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. சராசரி என்பது எல்லைக்கோடு ஆகாது என்று எரிக்சனே பின்னாளில் மறுத்து எழுதினார். மேலும், அவர்கள் பேசியது வெறும் நேரத்தைப் பற்றியன்று; கற்பிப்பவர் ஒரு குறையைக் கண்டு, அந்தக் குறைக்கென்றே வகுத்துத் தரும் பயிற்சியைப் பற்றியது. அந்த மாணவர்கள் இடையிடையே ஓய்வெடுத்தார்கள், பகலில் குட்டித் தூக்கம் போட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கணக்குப் பிரிவின் பழக்கத்தில் நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 60 நிமிடம், ஆண்டில் ஒரு நாள்கூடத் தவறாமல் என்று வைத்தாலும், பத்தாயிரம் மணி நேரத்தைத் தொட 27 ஆண்டுக்கு மேல் ஆகும். என் மகளுக்கு அப்போது 36 வயது கடந்திருக்கும்.

பட்டியல் வார மொத்தத்தை வைத்துப் போடப்படுவதால் இன்னொரு கேடும் விளைகிறது. வார நாட்களில் பியானோவைத் தொடாத குழந்தைகள், சனி ஞாயிறு இரண்டு நாளும் மூன்று மூன்றரை மணி நேரம் உட்காரவைக்கப்பட்டு, ஞாயிறு இரவு பச்சையில் இடம்பிடிக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு குழந்தைகளை அறிவேன். ஒருவனுக்கு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கி, எண்ணெய் தடவிக்கொண்டு வகுப்புக்கு வருகிறான். ஒரே மொத்த நேரத்தைப் பல நாளாகப் பிரித்துப் பயில்வது ஒரே நாளில் குவித்துப் பயில்வதைவிட நன்றாக நிலைக்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம் நினைவாற்றலை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். கையால் பழகுவது இரவுத் தூக்கத்தில் மேலும் உறுதிப்படுகிறது என்பதையும் இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆறு நாள் இருபது நிமிடம் வாசித்து ஆறு இரவு உறங்கிய குழந்தைக்குச் சிவப்பையும், இரண்டு நாளில் ஏழு மணி நேரத்தை அடைத்த குழந்தைக்குப் பச்சையையும் தரும் அளவுகோல், நீங்கள் வளர்க்க விரும்புவதாகச் சொல்லும் பழக்கத்துக்கு நேர் எதிரானதை அளக்கிறது.

காணொளி பற்றி நீட்ட விரும்பவில்லை. வீட்டு உடையில், வீட்டுக் கூடத்தில் இருக்கும் குழந்தைகளின் படங்கள், ஒருவரையொருவர் அறியாத எண்பதுக்கும் மேற்பட்டோரின் கைபேசிகளில் வாராவாரம் சேர்கின்றன. அவற்றை யார் பார்க்கிறார், யார் வைத்திருக்கிறார் என்று உங்களாலும் சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் தடுமாறி வாசித்த காணொளிக்குக் கீழே யாரோ சிரிக்கும் முகத்தை இட்டார். அதன் பிறகு அவன் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

இனித் தேர்வு. நம் பள்ளி அனுப்பும், ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டன் இசைத் தேர்வு வாரியத்தின் செயல்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண், தேர்ச்சிக்கு 100. மூன்று பாடல்களுக்கு முப்பது முப்பதாக 90, ஸ்கேல் வகைக்கு 21, முன்பின் பார்த்திராத சுரத்தாளை வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, கேட்டுச் சொல்லும் ஆரல் சோதனைக்கு 18. ஒரு மணி நேரத்தை ஒப்பேற்றுவதற்காக ஒரே பாடலை முதல் பாரிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்ப ஓட்டும் குழந்தை, சைட் ரீடிங்கையும் ஆரலையும் தொடுவதே இல்லை. அவை இரண்டும் சேர்ந்தே 39 மதிப்பெண். தேர்வாளர் எவரும் குழந்தையிடம் நிமிடக் குறிப்பேட்டைக் கேட்பதில்லை. தேர்வு நடத்தும் அமைப்பே விதிக்காத ஒரு தகுதியை நீங்கள் இடையில் புகுத்தி, என் மகளையும் அவளைப் போன்ற பிறரையும் வாசலிலேயே நிறுத்தப் போகிறீர்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறோடு அவள் சிவப்பில் தொடர்ந்து மூன்று வாரத்தை முடித்துவிட்டாள். கட்டைவிரலைத் திருத்துவதற்காகப் பழைய இருபது நிமிட முறைக்கே திரும்புங்கள் என்று ஆசிரியை சொன்னதைக் கேட்டதற்கான பலன் இது. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்த மடலுக்காக அவரிடம் விளக்கம் கேட்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நானே பொறுப்பு.

என் கோரிக்கைகள் இவை. நான்கு வாரச் சிவப்பைக் காரணமாக வைத்து எந்தக் குழந்தையையும் தேர்விலிருந்து விலக்கும் விதியை, விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்பாகவே எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும்; தேர்வுக்குத் தயாரா என்று முடிவு செய்யும் பொறுப்பு, குழந்தையின் வாசிப்பை வாராவாரம் கேட்கும் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். வண்ணப் பட்டியல் இந்த ஞாயிறு முதல் நிறுத்தப்பட வேண்டும். காணொளி அனுப்புவதைக் கட்டாயமில்லை என்று ஆக்கி, அனுப்ப விரும்புவோர் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பும்படி செய்ய வேண்டும். குழுவில் ஏற்கெனவே உள்ள காணொளிகளை நீக்கும்படி நிர்வாகமே எல்லாரையும் கேட்க வேண்டும். ஏழு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே 60 நிமிடம் என்பதைக் கைவிட்டு, கால அளவை ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசிரியரே சொல்லும்படி விட்டுவிட வேண்டும்.

பெற்றோரைக் கையெழுத்துப் போடுபவர்களாக மட்டும் வைத்திருக்காமல், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு சனிக்கிழமை எங்களை உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். கடினமான இடத்திலிருந்து தொடங்குவது எப்படி, ஒரு கையைத் தனியாகப் பிரித்துக் கேட்பது எப்படி, முக்காலி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை இசை தெரியாத எங்களுக்கும் புரியும்படி ஒரு மணி நேரம் காட்டினால் போதும். முடிந்தால் தாத்தா பாட்டிகளையும் அழையுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பல வீடுகளில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

கடைசியாக, குறிப்பேடு. மொத்த நிமிடம், பெற்றோர் கையொப்பம் என்ற இரண்டு பத்திகளையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஆசிரியர் எழுதுவதற்கு விட வேண்டும் என்று கேட்கிறேன். வரும் சனிக்கிழமை என் மகளின் குறிப்பேட்டில் அந்த இரண்டு பத்திகளையும் வெறுமையாகவே விட்டு அனுப்பப் போகிறேன். அதற்காக அவள் நான்காம் முறையும் சிவப்பில் போடப்படலாம் என்பது தெரிந்தே செய்கிறேன். கூட்ட எண் இல்லாததால் வகுப்பில் ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும். அந்த வெற்றிடத்தில் அடுத்த வாரத்துக்கான வரியை ஆசிரியை எழுத அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் பியானோ பயிலும் ஒரு மாணவியின் தாய்,
பெரம்பூர், சென்னை.